நிலைகொள்ளாத கருங்கல்

கேட்பவர் முதலில் அறிய வேண்டியது: கருங்கல்லின் உள்ளே சிலவேளை வேற்றுப்பாறைத் துண்டொன்று பதிந்திருக்கும்.

பாறைகளின் வயதைக் கணிக்கும் திலகவதி, அப்படியொரு கருங்கல்லிலும் அதனுள்ளிருந்த துண்டிலும் பொடி எடுத்துக் கருவியில் இட்டிருந்தாள். மேசையில் கிடந்த கருங்கல்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஒண்டவந்தவனே, இன்று உன் வயது தெரிந்துவிடும். பிறகு என் இடத்தைக் காலிசெய்,” என்றது.

“ஆகட்டும் ஐயா,” என்றது துண்டு. “தங்களுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது?”

“என்னிடமும் எதற்குப் பொடி எடுத்தாள்? நான் இந்த மண்ணுக்கே உரியவன். இது ஊரறிந்த செய்தி.”

“எந்த ஊர் அறிந்தது, ஐயா?”

கருங்கல் கருவியின் முனகலையே கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னர் உறுதியானவை: துண்டே மூத்தது. அந்நிலம் முழுவதும் அதன் இனத்தாருடையதாக இருந்தது. கருங்கல், உருகிய குழம்பாகக் கீழிருந்து ஏறிவந்து அவர்களை விழுங்கியது. செரிக்காமல் எஞ்சியது இத்துண்டு ஒன்றுதான்.