தலைப்பாகை ஆணை

"இன்னும் கொஞ்சம் போடு. குளிர் விடலை," என்றான் ரஹீம்குலி கான்.

காஷான் நகரத்து ஆளுநர் மாளிகைக் கணப்பில் எரிந்துகொண்டிருந்தது விறகல்ல. தோற்றுப்போன ஷாவின் ஆணைகள். போட்டுக்கொண்டிருந்தவர், முப்பது வருடமாக அவற்றை எழுதிக் காத்த முன்ஷி மிர்ஸா பர்ரூக்.

கானுக்கு வயிறு குளிர்ந்தது. புது ஷாவுக்காக இரண்டு வருடம் வாள் வீசி, ஒரு காதையும் பறிகொடுத்து வாங்கிய ஆளுநர் பதவி இது. கூடவே மானியக் கிராமங்கள் வேறு, எத்தனை என்று தெரியாது, ஏராளம் என்று கேள்வி. அதற்கான ஆணையை எட்டாக மடித்து, வழக்கப்படி ஊர் பார்க்கத் தலைப்பாகையில் செருகியிருந்தான்.

பழைய ஷாவின் முத்திரை எவன் வீட்டில் இருந்தாலும் விரல் போகும் என்று தண்டோரா போட்டிருந்தான். பதிவேடு, நகல் என்று ஒன்று விடாமல் வந்து குவிந்து, ஒரு கட்டுக் காகிதம் தவிர எல்லாம் எரிந்தாயிற்று.

முன்ஷி அந்தக் கடைசிக் காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "இது வேண்டாம் கான். முதல்ல உங்க ஆணையை ஒரு தடவை படிச்சிரலாம்."

எழுத்து வாசனை இல்லாததைக் கிழவன் குத்திக்காட்டுகிறான் என்று கானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாலே வரி. எங்க ஷா உங்க ஆளு மாதிரி வளவளன்னு எழுதறவர் இல்ல," என்று கட்டைப் பிடுங்கி, தானே நெருப்பில் எறிந்தான். முன்ஷியின் கண் கலங்கியதைப் பார்த்துச் சிரித்தான். தோற்றவன் உப்பைத் தின்ற நாய், நல்லா அழட்டும்.

எல்லாம் சாம்பலான பிறகுதான் தலைப்பாகையிலிருந்து ஆணையை உருவி முன்ஷியின் முகத்தில் வீசினான். "இப்போ படி. சத்தமா. என் கிராமங்க பேரை ஊரே கேட்கட்டும்."

முன்ஷி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். நிதானமாகப் படித்தார்.

"ரஹீம்குலி கானைக் காஷானுக்கு ஆளுநராக நியமித்தோம். முந்தைய ஷாவின் ஆணையில் பெயர் சொல்லி எழுதியுள்ள கிராமங்கள் யாவும் அவருக்கு மானியம். அந்த ஆணையைக் காட்டிப் பெற்றுக்கொள்க."

"சரி, பேரைச் சொல்லு."

முன்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு கணப்பைக் காட்டினார்.

"பேரெல்லாம் நீங்க கடைசியா போட்ட கட்டுல இருந்துச்சு, கான்."