முலாம்பழ சென்ட்

கிடங்கின் கதவிடுக்கில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. முலாம்பழப் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறார் மோப்பக்காரர். கிடங்கில் அவருக்கு அதுதான் பெயர். அளவுக்கு மீறிக் கனிந்த பெட்டியை முகர்ந்தே கண்டுபிடித்து ஒதுக்குவது அவர் வேலை. ஒன்று தப்பினாலும் வழியிலேயே லாரிச் சரக்கு மொத்தமும் அழுகிவிடும், அவர் வேலையும் போய்விடும். இன்றைக்குப் பார்த்து எல்லாப் பெட்டியும் கனிந்து மணக்கிறது. முகர்கிறார், ஒதுக்குகிறார், எரிச்சலோடு மறுபடி முகர்கிறார். ஒதுக்கியவை இடுப்புயரம் ஏறிவிட்டன. பெட்டி தூக்கும் மைத்துனன் குனிந்து அவர் சட்டைக் காலரை மோந்துவிட்டு வெடித்துச் சிரிக்கிறான்.

“மாமா, பழுத்தது பெட்டி இல்ல, நீங்கதான்!”

“எல்லாம் எம்மவ வேலைடா! கிளம்பறப்ப பின்னால வந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுட்டு ஓடிட்டா. அதுவும் முலாம்பழ சென்ட்டு! உலகத்துல ரோசாப்பூவுக்கா பஞ்சம்?”

லாரிக்காரர் ஹாரனை அழுத்துகிறார். ஈரச் சாக்கால் காலரைத் தேய்த்தால் வாசனை இன்னும்தான் கிளம்புகிறது. சட்டையைக் கழற்றி மைத்துனன் மேல் எறிந்துவிட்டுப் பெட்டியில் மூக்கை வைக்கிறார். அப்பாடா, பச்சைக் காய் வாசம். நிம்மதியாக நிமிர்ந்தவர், வாசலில் மைத்துனன் சட்டையை உதறுவதைப் பார்த்துக் கத்துகிறார்:

“வெயில்ல போடாதடா மடையா, வாசன போயிரும்!”