மிதிபடகு மகாராணி

"பாருங்க சம்பந்தி, அந்தம்மா இன்னிக்கு ரெண்டு காலையும் தூக்கி மேல வச்சுக்கிட்டாங்க."

சம்பந்தியம்மா கை காட்டின பக்கம் பார்த்தேன். தண்ணி நடுவுல ஒரு மிதிபடகு. ஒரு கையில குடை, காலை முன்னால நீட்டிச் சாய்ஞ்சு உக்காந்திருக்கா மகாராணி. பேரு நாங்க வச்சதுதான். பக்கத்துல அவ வீட்டுக்காரர் வேர்த்து ஊத்த மிதிக்கிறார்.

அவ குரல் கரைக்கே கேக்குது. "மிதிங்க. நிறுத்தாதீங்க. இன்னும் மிதிங்க."

அந்த மனுஷன் திடமா இருந்தாலாவது போகட்டும்னு விடலாம். ஏதோ விபத்தாம், ரெண்டு கால்லயும் தெம்பு இல்லை. அக்குள்ல கட்டை வச்சுத்தான் நடக்கிறார். படகுல ஏறவே படகுக்காரர் தாங்கிப் பிடிக்கணும்.

எனக்கும் சம்பந்திக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அதான் தினமும் இந்த நீர்த்தேக்கப் பூங்காவுக்கு வர்றோம். நடக்கிறது கொஞ்சம், பெஞ்சுல உக்கார்றது மிச்சம். என் பையன் வாங்கிக் கொடுத்த ஷூ கடிக்குது. அவன் எது வாங்கினாலும் ஒரு சைஸ் சின்னதாத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வாங்கின கோட்டுக்கே பட்டன் போட முடியலை, போட்டோ பூரா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். சம்பந்தி இன்னமும் அது மாப்பிள்ளையோட அடக்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அது கிடக்கட்டும்.

"கட்டின புருஷனை இப்படியா வேலை வாங்குவாங்க?" சம்பந்திக்கு மனசு ஆறலை.

"உங்க வீட்டுக்காரர் மார்க்கெட்ல ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு உங்க பின்னாடி வந்ததை நானே பார்த்திருக்கேன்."

"அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சே. இன்னிக்கு நான் கேக்கத்தான் போறேன்."

"நீங்க கேட்டா சண்டையாயிடும். நானே கேக்கிறேன்."

படகு கரைக்கு வந்துச்சு. படகுக்காரர் அந்த மனுஷனைத் தூக்கி இறக்கி, தள்ளியிருந்த பெஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனார். மகாராணி மட்டும் இறங்காம உக்காந்திருந்தா.

பக்கத்துல போய்க் குனிஞ்சேன். "ஏம்மா, தப்பா எடுத்துக்காதே. முடியாத மனுஷனை மிதிக்க விட்டுட்டு நீ காலை நீட்டிக்கிட்டு வர்றியே, இது உனக்கே நல்லா இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தா. கண்ணெல்லாம் தண்ணி.

"மெதுவாப் பேசுங்கம்மா. அவருக்குத் தெரியாது."

"என்னது தெரியாது?"

"இந்தப் படகுல ரெண்டு பேர் மிதிக்கிறதும் ஒரே கம்பிதான். ஒருத்தர் மிதிச்சா இன்னொருத்தர் காலும் கூடவே சுத்தும். இத்தனை நாளா நான்தான் மிதிச்சேன். அவர் தான் ஓட்டுறதாவும், என் கால்தான் சும்மா சுத்துதுன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கார். வீட்டுல காலை அசைக்கச் சொன்னா, செத்த காலை ஏன்டி தொந்தரவு பண்றேன்னு திட்டுவார். படகுன்னா மட்டும் முதல் ஆளாக் கிளம்பிடுவார்."

பின்னாலயே வந்து நின்ன சம்பந்தி கேட்டாங்க. "அப்போ இன்னிக்கு ஏம்மா காலை எடுத்தே?"

"பாதி தூரத்துல முட்டி பிடிச்சுக்கிச்சு. மடக்கவே முடியலை, தூக்கி மேல வச்சுட்டேன். இனி படகு நகராது, கரையில இருந்து யாரையாவது கூப்பிடணும்னு கையைத் தூக்கினேன்."

முட்டியைத் தடவிக்கிட்டே பெஞ்சுப் பக்கம் பார்த்தா.

"படகு நிக்கலைம்மா."