எழுதிக் கேட்டது

தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் அன்று மாலை வெளிவருவதாக இருந்தது. தென்காசிப் பள்ளியாசிரியர் நாறும்பூநாதன் முன்னால் காப்பி ஆறிப்போயிருந்தது. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"நம்ம பேரு வந்திருக்குமா?" என்றாள் மனைவி அகிலாண்டேஸ்வரி.

"அதாந் தெரியல. விஜயசங்கர் பாத்துச் சொல்லுதேன்னான்."

விஜயசங்கர் அவருடன் ஒரே நாளில் பணியில் சேர்ந்த நண்பர். படிப்படியாக உயர்ந்து, இப்போது சென்னையில் கல்வி அதிகாரி.

கைப்பேசி ஒலித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏலே, முழுக்கத் தேடிட்டேன். உன் பேரு இல்லலே!" என்றார் விஜயசங்கர். "வேணுங்கறத எழுதிக் கேக்கணும், கேட்டுத்தான் நான் மேல வந்தேன்னு எத்தன தடவ சொன்னேன்? ஒரு மனுவாவது போட்டியாலே?"

"போட்டேம்லே. உங்கிட்டக் கத்துக்கிட்டதுதான்."

"பிறகு ஏன் வரல? என்னதான் எழுதின?"

நாறும்பூநாதன் நெடுமூச்சுடன் நாற்காலியில் சாய்ந்தார்.

"பதவி உயர்வு வேண்டாம், இந்த ஊரும் இந்த ஏழாம் வகுப்புமே போதும்னு எழுதினேன். மனுவத் தொலைச்சிட்டு, பேரப் போட்டுருவாங்களோன்னுதாம்லே பயந்து கெடந்தேன்!"

அகிலாண்டேஸ்வரி துண்டை எடுத்து நீட்டினாள்.

"சாரல் அடிக்குது. ஐந்தருவிக்குக் கெளம்புங்க."