கெமாரின் இடம்

"வர்றவன் பெட்டியை நான் தொடமாட்டேன், பார்த்துக்க. அவனே தூக்கிட்டு வரட்டும்."

ராக்கப்பன் ஓமான் நாட்டு சோஹார் நகரில் ஒரு கால்பந்து கிளப்பின் டிரைவர். காலையிலிருந்தே சமையற்கட்டில் நின்று பொருமிக்கொண்டிருந்தான்.

"அவன் என்னய்யா பண்ணுவான்? வெளிநாட்டு ஆட்டக்காரன் இத்தனை பேர்தான்னு ரூல். புதுசா ஒருத்தன் வந்தா பழசுல ஒருத்தன் போகணும்," என்றான் சமையல்கார மணிமாறன். "ஏன், நீ வந்தப்ப உங்க அண்ணன் போகலையா?"

"அது வேற. தம்பி பிழைக்கட்டும்னு அவனா விசாவைக் கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போனான். இது கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறது."

மணிமாறன் பேச்சை மாற்றினான். அந்த அண்ணன் கதையை ராக்கப்பன் சொல்லாத ஆள் கிளப்பில் கிடையாது.

போகிறவன் கெமார். ஜமைக்காக்காரன். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டே கோல் அடிப்பவன். காரில் ஏறினால் முன் சீட்டில்தான் உட்காருவான். உரிமையோடு ராக்கப்பனின் டிபன் டப்பாவைத் திறப்பான். அவனை மஸ்கட் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு, அவன் இடத்துக்கு வருகிறவனை அதே காரில் ஏற்றி வர வேண்டுமாம். மேனேஜர் உத்தரவு.

இரண்டு பேரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டுவிட்டால்? நாலு பேர் நடுவில் கெமார் கூனிக் குறுகி நிற்பதை ராக்கப்பனால் பார்க்க முடியாது. எப்படியாவது அவனைச் சீக்கிரம் உள்ளே அனுப்பிவிட வேண்டும்.

வழி நெடுக எளிய இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தார்கள். அதாவது கெமார் பேசினான். ராக்கப்பன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஏர்போர்ட் வந்ததும், "கெமார், யல்லா, உள்ளே போ. லேட்டாகுது," என்றான்.

"நேரம் இருக்கு. வா, ஆட்கள் வெளியே வர்ற வாசலுக்குப் போவோம்."

"அங்க ஒண்ணும் கிடையாது. மாஃபி."

கெமார் கேட்டால்தானே? காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டே இருந்தான். ராக்கப்பன் பதறிக்கொண்டு பின்னால் ஓடினான்.

கண்ணாடிக் கதவு திறந்து, பெரிய பெட்டியோடு நெடுநெடுவென்று ஒரு இளைஞன் வந்தான். கிளப்பின் பனியன் போட்டிருந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று ராக்கப்பன் குறுக்கே போய் நின்றான்.

இளைஞன் பெட்டியைப் போட்டுவிட்டு, ராக்கப்பனைச் சுற்றிக்கொண்டு ஓடி, கெமாரைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"என் தம்பி," என்றான் கெமார். "இந்த முழங்கால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், ராக்கா. ஆனா உன் அண்ணன் கதையைக் கேட்டப்புறம் மனசு கேட்கல. மேனேஜர்கிட்ட நானேதான் போய்ப் பேசினேன்."

ராக்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.