பழுதே பார்க்காதது

மடியில் கிடத்தி வாசிக்கும் பழைய மின்கிதார் ஒன்று பழுதுக் கடைக்கு வந்தது. உள்ளே மின்கம்பி அறுந்து, அதன் பாட்டு நின்றுபோயிருந்தது.

"புதுக் கம்பி போட்டால் பாடலாம் அண்ணே," என்றது கூடவே வந்த, வாசிக்கும்போது தந்திகளின் மேல் ஓட்டும் உருக்குத் துண்டு.

"போடா! ஆலை வாசல் கூட்டங்களில் முழங்கியவன் நான். தடியடியில் விழுந்த பள்ளத்தைக்கூட நிரப்ப விட்டதில்லை. எவனோ செய்த கம்பியை வயிற்றில் வாங்குவேனா?"

"பள்ளம் இருக்கட்டும் அண்ணே. குரல் வேண்டாமா?"

கடைக்காரர் சேவியர் கம்பியோடு நெருங்கியபோது, கிதார் ஒரு தந்தியை அறுத்து அவர் விரலில் அடித்தது. அவர் கையை உதறிக்கொண்டு அதை ஓரமாக வைத்துவிட்டார்.

பிறகு பழம்பொருள் சேர்க்கும் பணக்காரர் ஒருவர் வந்தார். "பழுதே பார்க்காததா! இதைத்தான் தேடினேன்," என்றார்.

"கேட்டாயா? நம் அருமை தெரிந்த ஆள். இனி மேடைதான்," என்றது கிதார்.

அவர் கிதாரையும் துண்டையும் வாங்கிப்போய், தம் வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஒருநாள் தெருவில் ஆலைத் தொழிலாளர் ஊர்வலம் பாடிக்கொண்டே போனது. அது கிதாரின் பழைய பாட்டு.

"தம்பி, நம் பாட்டுடா! ஒரு தடவை என்னைத் தொடேன்."

துண்டு மெல்ல உருண்டு வந்து தந்திகளைத் தொட்டது.

பெட்டிக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை. ஊர்வலம் தெருமுனை திரும்பிப் போய்விட்டது.