யாரும் கேட்காத மலை

அந்தக் காட்டில் வேட்டையாடச் சீட்டு வேண்டும். மலைக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு மான், அதுவும் குலுக்கலில் பெயர் வந்தால்தான். மான்கள் நிறைந்த பெரிய மலைக்கே மூன்று வருஷமாக விண்ணப்பித்த சிறுத்தை, ஒவ்வொரு தடவையும் புலிகளிடம் தோற்று, எலி தின்றே இளைத்துவிட்டது.

"இந்தத் தடவை எந்த மலைக்கு எழுதட்டும், அண்ணே?" என்று விண்ணப்பம் வாங்கும் நரி கேட்டது.

"யாருமே கேட்காத மலை எது?"

"மொட்டைமலைதான். அங்கே புல்கூடக் கிடையாதே!"

"பரவாயில்லை. கிழட்டு மான் ஒன்றாவது அகப்படாதா?"

சீட்டு கிடைத்தது. மலையேறிய சிறுத்தை திகைத்துப்போய் நின்றது. பாறைக்குப் பாறை மான்கள்!

"நீங்களெல்லாம் இங்கே எப்படி?"

"இந்த மலைக்கு யாரும் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று நம்பி வந்தோம்" என்றது கொம்பு பெருத்த கலைமான், நடுங்கிக்கொண்டே. "எங்களில் எத்தனை பேரைப் பிடிக்கச் சீட்டு?"

"ஒரே ஒருவரை."

மான்கள் ஓடவில்லை. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு எல்லாமாகச் சேர்ந்து, கால் நொண்டும் ஒரு பெண்மானை முன்னே தள்ளிவிட்டன.

அத்தனை பசியிலும் சிறுத்தை தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தது.